வட்டைக்குப் போற சேதி

இல்ல மகள், வாவி கடக்கிற மிதவைப் பாதை இப்ப அங்கால கரையில நிக்குது. அந்தா, அந்த மரத்துக்கு நேர வெள்ளையா ஒண்டு தெரியுதே, அதுதான். லொறி ஒண்டு ஏத்துறாங்க போல. ஏத்தி முடிச்சி, வாவியக் கடந்து இஞ்சால வரச் சுணங்கும். நீங்க மழைக்குள்ள நிக்காம இந்தத் தகரத்துக்குக் கீழ வாங்க. அந்தப் பலகையில இரிக்காதீங்க, மேல ஒழுகுது. இதில இரிங்க. உங்கட கேள்வி பதியிற மெசின நனையாம மடிக்குள்ள வச்சிக்கொள்ளுங்க.

நானும் அம்பிளாந்துறைக்குத்தான். இறங்கி உள்ளுக்குப் போகணும், பனிச்சையடி வட்டைக்கு. ஓம், வயல் வட்டைதான். குளத்து வான்கதவ இண்டைக்குப் பின்னேரம் திறக்கப்போறாங்களாம். மேல மலைப் பக்கம் விடிய விடிய மழை. நீர்ப்பாசனக் கந்தோரில நமக்குத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இரிக்கார், அவர்தான் போன் எடுத்துச் சொன்னார். திறந்தா எங்கட வட்டையில தாழ்வான பக்கம் எல்லாம் தண்ணி ஏறிடும். அங்க வாடிக் குடிலுகளில காவலுக்கு ஆக்கள் கிடக்காங்க. இப்ப எல்லாரும் படுக்கிற நேரம். இரவெல்லாம் ஆனைக்கு முழிச்சிரிக்கிற, பகலிலதான் படுக்கிற. போய்ச் சொல்லணும். அதுக்குத்தான் நிக்கிறன்.

போனா? வட்டைக்குள்ள சிக்னல் இல்ல மகள். அணைக்கட்டில ஒரு கல் இரிக்கு, அதில ஏறி நிண்டா ஒரு கோடு வரும். படுக்கிறவன் கல்லில ஏறி நிண்டா படுப்பான்.

இல்ல, பதறி என்ன செய்யிற. பாதை வந்தா நேரத்துக்குச் சேருவன். தோணி கேட்டுப் பாத்தன், இந்தக் காத்துக்கு ஒருத்தனும் இறக்கமாட்டன் எண்டுட்டான். அவனையும் பேச ஏலா. நீங்க உங்கட வேலையப் பாருங்க. என்னமோ கேக்கணும் எண்டு சொன்னீங்க.

றேடியோவப் பத்தியா?

இல்ல, ஒண்டுமில்ல. கேளுங்க. சும்மாதானே நிக்கிறம்.

நீங்கள் வரி செலுத்துபவரா. இதுதான் முதல் கேள்வியா. இல்லயே மகள். நான் மாரியில வெள்ளாமை செய்யிற, மத்தக் காலத்தில வாவியில வலை போடுற. எனக்கு எங்கால வரி. இல்ல எண்டு போடுங்க.

ஏன் சிரிக்கிறீங்க? பால்மாவிலயும் வரி இரிக்கா? போனுக்குக் காசு போடக்குள்ளயும் பிடிக்கிறாங்களா? சவுக்காரம், பிஸ்கட் எல்லாத்திலயுமா. அப்ப நானும் கட்டுறன். என்ட மனிசி அன்னப்பூரணியும் கட்டுறா. அங்க வாடியில கிடக்கான் வினாயகமூர்த்தி எண்டு ஒருத்தன், அவன் பீடி பத்த வைக்கக்குள்ளயும் கட்டுறான். இத எங்களுக்கு ஒருத்தரும் சொல்லல்ல. அரசாங்கக் கச்சேரியில போய் நிக்கக்குள்ள, என்னமோ ஆரோ கட்டின காசில எங்களுக்குத் தர்மம் தாற மாதிரித்தான் கதைப்பாங்க. சரி, ஓம் எண்டு மாத்துங்க. மாத்த ஏலுமா அதில?

மறுகா?

பொதுமக்கள் வரிப்பணத்தில் பிராந்திய வானொலிச் சேவையை மீண்டும் நடத்த வேண்டுமா. ஓம், இல்லை, கருத்தில்லை. கருத்தில்லை எண்டும் ஒரு பெட்டி வச்சிரிக்காங்களா. அது நல்லம். கொஞ்சம் பொறுங்க, நான் ஒரு பக்கமும் இன்னும் சொல்லல்ல.

செட்டிபாளையத்தில கேட்டுட்டுத்தான் வாறீங்களா. என்ன சொன்னாங்க? எல்லாரும் ஓம் எண்டாங்களா. அங்க எங்கட ஆக்கள் ஆர் வந்து கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. ரோட்டுப் போடவா எண்டாலும் ஓம், ரோட்டக் கிண்டவா எண்டாலும் ஓம். காத்தான்குடியில? அசனார் ஹாஜியாரிட்ட கேட்டீங்களா, புடவைக்கடை வச்சிரிக்கார், எங்கட வட்டையில அவருக்கும் வயல் இரிக்கு. அவர் இல்ல எண்டு சொல்லியிரிப்பார். தெரியும். என்னட்டயும் சொன்னவர். நான் உழைச்சிக் கட்டுற காச எடுத்து, ஒருத்தரும் கேக்காத றேடியோவுக்கு ஏன் குடுக்கிற, கடை விளம்பரம் போட்டு அவனவன் நடத்தட்டுமே, ஆஸ்பத்திரியில மருந்து இல்லாமக் கிடக்கு, அதுக்குக் குடுக்கட்டும் எண்டு. அவர் கெட்ட மனிசன் இல்ல. இந்தா இந்த மழைக்கோட்டு அவர் எடுத்துத் தந்ததுதான். மருந்துக் கதை நியாயம்தானே. நானும் அதுக்கு மறுத்து ஒண்டும் சொல்லல்ல.

வாவிச் சேவை எண்டு பேர். அரசாங்கத்துட. டவுனில ஒரு பழைய மாடி வீட்டில வச்சி நடத்தினாங்க. நீங்க கொழும்புப் பக்கம் எண்டபடியா கேட்டிரிக்க மாட்டீங்க. நல்ல றேடியோ எண்டு நான் சொல்ல வரல்ல. காலமையில திறந்தா அமைச்சர் நாடா வெட்டினார், அமைச்சர் அடிக்கல் நட்டார். மத்தியானம் ஒரு டொக்டர் வந்து நீரிழிவப் பத்திக் கதைப்பார், அவர் முடிக்கக்குள்ள கேட்டுக்கொண்டிரிந்தவனுக்கும் தலை சுத்தும். பாட்டு எல்லாம் எங்கட அப்பா காலத்துப் பாட்டு. தனியார் றேடியோவில சிரிச்சிச் சிரிச்சிக் கதைப்பாங்க, பொடியனுகள் அதத்தான் தேடிப்போவானுகள். என்ட மகனும் அப்பிடித்தான் சொல்லுவான், அப்பா இது பென்சன் எடுத்த ஆக்கள்ற றேடியோ எண்டு.

பிரச்சின காலத்தில, சண்டை நடக்கக்குள்ள, கொழும்பில இரிந்து வாற பெரிய செய்தி ஒண்டு இரிந்தது. நீங்க அப்ப புறந்திரிக்க மாட்டீங்க. நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது எண்டு அதில சொன்னா, நாங்க உடுப்பக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்திடுவம். அப்பிடி மாத்தி மாத்தி விளங்கிப் பழகின சனம் நாங்க. அதால அரசாங்கத்துக்கு என்னத்துக்கு ஒரு றேடியோ எண்டு கேக்கிறவனும் இஞ்ச இரிக்கான். அவனிட்டயும் ஞாயம் இரிக்கு.

ஆனா மகள், தண்ணிக் கதையில வாவிச் சேவை பொய் சொன்னதில்ல. அத நான் எங்கயும் சொல்லுவன்.

எப்பிடியெண்டா, எங்கட ஆக்களுக்கு வீடு வாசல் புள்ளகுட்டி எல்லாம் இந்தக் கரையில. வயல் அந்தக் கரையில, படுவான்கரையில. விதைச்சதில இரிந்து வெட்டும் வரைக்கும் ஆம்பிளயள் அங்கதான் வாடியில கிடக்கிற. அவங்களுக்கெண்டு பின்னேரத்தில வட்டைச் சேதி எண்டு ஒண்டு போடுவாங்க. வீட்டில ஒரு விசயம் எண்டா சந்திக் கடையில சொல்லிவிடுற, கடைக்காரர் டவுனுக்குப் போன் எடுப்பார், தக்ஷாயினி எண்டு ஒரு புள்ள அத வாசிப்பா. பனிச்சையடி வட்டையில் காவலில் இருக்கும் வினாயகமூர்த்தி அறிய வேண்டியது, உங்கள் மனைவிக்கு ஆண் குழந்தை, இருவரும் நலம். அண்டைக்கு மூர்த்தி வாய்க்காலில குளிச்சிக்கொண்டிரிந்தவன். வட்டை முழுக்கக் கேட்டுட்டு, தகப்பனுக்கு மட்டும் தெரியா. ஆக்கள் வரம்பில நிண்டு கூவ, இவன் ஆனை வந்திட்டு எண்டு நினைச்சி துவாயும் இல்லாம ஓடினான். இண்டைக்கும் அந்தப் பொடியனுக்கு வட்டையில றேடியோ எண்டுதான் பேர். இப்ப பள்ளிக்கூடம் முடிச்சி கட்டாரில இரிக்கான்.

இதெல்லாம் சும்மா சேதி. அது இல்லாட்டியும் சனம் இரிக்கும். மத்தது கதவுச் சேதி. வான்கதவு திறக்கப்போறாங்க எண்டா, வாவித் தண்ணி கடலுக்குப் போக முகத்துவாரம் வெட்டப்போறாங்க எண்டா, அதுக்குப் பின்னேரம் வரைக்கும் பாத்துக்கொண்டிரிக்க மாட்டாங்க. எந்தப் பாட்டுப் போனாலும் நடுவில டக்கெண்டு நிப்பாட்டுவாங்க. சொல்லுக்கு நடுவிலயே நிக்கும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வராது. மறுகா தக்ஷாயினி வருவா. இன்ன குளம், இத்தனை கதவு, இன்ன இன்ன வட்டையில இரிக்கிறவங்க மேட்டுக்குப் போங்க. திரும்பத் திரும்ப வாசிப்பா. அந்தப் புள்ள ஒரு அவசரமும் காட்டாம வாசிக்கும். நாங்க அதுக்குள்ள பாயச் சுருட்டத் தொடங்கிடுவம்.

அதால வட்டையில ஒரு பழக்கம். இரவுக் காவல் முடிஞ்சி பகலில படுக்கக்குள்ள றேடியோவப் போட்டுட்டுத்தான் படுக்கிற. நீங்க நினைப்பீங்க சத்தத்துக்க எப்பிடி நித்திரை வருமெண்டு. எங்களுக்கு அந்தச் சத்தம் இரிந்தாத்தான் நித்திரை. பாட்டுப் போகுது எண்டா பயமில்ல. பாட்டு நிண்டா உடன முழிப்பு வந்திடும், ஆரும் தட்டத் தேவையில்ல. கரண்ட் மாதிரித்தான் அது, இரிக்கக்குள்ள தெரியா. ஒருக்கா பற்றரி முடிஞ்சி மூர்த்திட றேடியோ தானா நிண்டு போச்சு. அவன் பாயச் சுருட்டிக்கொண்டு மேட்டில போய் நிக்கான். நல்ல வெயில். நாங்க சிரிச்ச சிரிப்பு.

அந்தா, லொறி ஏறிட்டு போல. இல்ல, இன்னும் இல்ல. சில்லு சேத்துக்க புதைஞ்சிட்டு. தள்ளுறாங்க.

ஏன் மூடினாங்க எண்டா, பொருளாதாரம் விழுந்ததுதானே. காஸுக்கும் பெற்றோலுக்கும் லைனில நிண்டமே, அதுக்குப் பிறகு எல்லாத்திலயும் செலவக் குறைக்கிற எண்டு வந்தாங்க. வாவிச் சேவைய எத்தின பேர் கேக்கிறாங்க எண்டு கணக்கெடுத்தாங்களாம். ஆக்கள் காணாதாம். எப்பிடி எடுத்தாங்க தெரியுமா, போன் எடுத்து வீட்டு வீட்டாக் கேட்டாங்களாம். வீட்டில இரிக்கிறவ நாடகம் பாக்கிறா, அவ கேக்கிறல்ல எண்டு சொல்லுவா. அது உண்மதானே. கேக்கிறவன் வட்டைக்குள்ள கிடக்கான், அவனுக்கு எந்தப் போன். சே, நீங்க என்னத்துக்கு மகள் தலையக் குனியிறீங்க. உங்களச் சொல்லல்ல. நீங்க காலில நடந்து வந்து கேக்கிறீங்க.

அப்ப அத மூடி, அந்த அலைவரிசையக் கொழும்பில இரிந்து வாற பாட்டு றேடியோ ஒண்டுக்குக் குடுத்தாங்க. குடுக்கக்குள்ள சொன்னாங்க, சேவைதான் இல்ல, கதவு அறிவித்தல் மட்டும் முன்னப்போல அதிலயே வரும் எண்டு. எங்களுக்கு அது போதும். வந்ததுதான் மகள். ஒரு மாரி முழுக்க வந்தது. பாட்டு நிக்கும், அங்கரிந்து ஆரோ ஒரு பொடியன் வாசிப்பான், எங்கட ஊர்ப் பேரெல்லாம் பிழைச்சுப் பிழைச்சு. மூர்த்தி சொல்லுவான், இவன் சொல்ற ஊர் எங்க இரிக்கெண்டு தண்ணிக்கும் விளங்காது எண்டு. ஆனா வாசிச்சான்.

அந்த அறிவித்தலுக்கு ஆராவது காசு கட்டணும் எண்டு பாட்டு றேடியோக்காரர் மறுகா சொல்லியிரிக்காங்க. அரசாங்கம் கட்டாது எண்டுட்டாம். அப்ப இந்த ஹாஜியார்தான் முன்னுக்கு வந்தவர். தன்ட கடைப் பேரச் சொல்லிட்டு அறிவித்தலப் போடுங்க, நான் காசு தாறன் எண்டு. இத உங்களிட்டச் சொன்னாரா? சொல்லியிரிக்க மாட்டார். செஞ்சவர் மகள். தீவாளிக்கும் பெருநாளுக்கும் யாவாரம் இரிந்தது, கட்டினார். மாரி வந்தா ஆர் புடவை எடுக்கிற. கடை படுத்திடும். கையில இல்லாத நேரம் விளம்பரத்த நிப்பாட்டினார். அவர் தன்ட விளம்பரத்தத்தான் நிப்பாட்டினன் எண்டு நினைச்சிரிக்கார். அதோட சேர்த்து அறிவித்தலும் நிண்டிட்டு எண்டு அவருக்குத் தெரியா. எங்களுக்கும் தெரியா.

அவர் சொல்ற மாதிரி கடை விளம்பரத்தில எல்லாம் நடத்தலாம். பாட்டு நடத்தலாம், சிரிப்பு நடத்தலாம். தண்ணி வாற நேரம் பாத்து ஆர் விளம்பரம் குடுப்பான். கழுத்தளவு தண்ணியில நிக்கிறவனிட்ட என்னத்த விக்கிற. நான் இத அவரிட்டச் சொல்லல்ல. சொல்லி என்ன. அவர் மனம் நொந்து போவார்.

அறிவித்தல நிப்பாட்டின கதைய ஒருத்தரும் சொல்லல்ல, அதுதான் விசயம். எங்களுக்குத் தெரிஞ்சது ஒண்டு, பாட்டு நிண்டா ஓடு. இனிப் பாட்டு நிக்காது எண்டு ஆர் வந்து எந்தப் பாட்ட நிப்பாட்டிச் சொல்லுற. நாங்க முன்னப்போல போட்டுட்டுப் படுத்தம்.

ஓம், இப்ப அறிவித்தலப் பேஸ்புக்கில போடுறாங்க. வாட்சப்பிலயும் வரும். போட்டிரிக்கம் எண்டு சொல்லுவாங்க. போடுறாங்கதான், பொய் இல்ல. அண்டைக்கும் போட்டிரிந்தாங்க. நானே மறுகா பாத்தன். நேரத்தோடதான் போட்டிரிந்தாங்க, மூணு பாசையிலயும். கீழ கன பேர் கும்பிடுற கை போட்டிரிந்தாங்க.

எண்டைக்கா. சொல்றன் மகள்.

இப்ப நான்தான் வட்டைச் சேதி. சிரிக்காதீங்க, அப்பிடித்தான் கூப்பிடுறாங்க. மழை இறுக்கினா காலமையில கந்தோர் ஆளுக்குப் போன் எடுப்பன். கதவு திறக்கிற எண்டா, முதல் பாதையில ஏறி, அங்கால சைக்கிள் ஒண்டு விட்டிரிக்கன், அதில போய் ஒவ்வொரு வாடியாத் தட்டுற. திறக்கல்ல எண்டாலும் போய்ச் சொல்லணும், இல்லாட்டி அவங்க படுக்கமாட்டாங்க. இப்ப ஒருத்தரும் றேடியோ போடுறல்ல. நான் வந்து சொல்லிட்டுப் போனாத்தான் கண்ண மூடுறாங்க. நான் ஒரு காய்ச்சல் வந்து கிடந்தா என்ன செய்வாங்க எண்டு அன்னப்பூரணி கேட்டா.

சம்பளமா. ஆர் தாற. ஹாஜியார் தாறன் எண்டு வந்தார், நான் வேணாம் எண்டுட்டன். பெருமைக்கு இல்ல. வாங்கினா அதுவும் ஒரு நாள் நிண்டிடும் எண்டுதான்.

நல்ல மனசு, அது இது எண்டெல்லாம் எழுதிப்போடாதீங்க. நல்ல மனசும் இல்ல, கெட்ட மனசும் இல்ல. எனக்கு ஒண்டும் இல்ல மகள் இப்ப. கோவம் வாறல்ல, அழுகை வாறல்ல. வட்டையில நிண்டு கந்தோருக்கு எதிரா ஊர்வலம் போனாங்க, என்னையும் முன்னுக்கு நிப்பாட்டினாங்க, நிண்டன். ஆரோ மைக்கத் தந்தாங்க. மைக்கப் பிடிச்சிக்கொண்டு நிண்டுட்டுத் திருப்பிக் குடுத்தன். மரத்துப்போன காலில நுள்ளினா, நுள்ளுறாங்க எண்டு தெரியும், நோகாது. அப்பிடித்தான் கிடக்கு. மழை பெய்தா மட்டும் கால் தானா எழும்பி இஞ்ச வந்து நிக்கிது.

வந்திட்டு, அந்தா. காத்து எதிரா இரிக்கு, அதான் இழுத்து இழுத்து வருது. நேரம் காணும். சைக்கிள்ள விட்டனெண்டா கதவு திறக்க முதல் கடைசி வாடிக்கும் போயிடலாம்.

ஆ, அந்தக் கேள்வி. ஓமா இல்லயா. நான் என்ன சொல்ல மகள். அமைச்சர் நாடா வெட்டுறதுக்கு என்ட பால்மாக் காசு வேணாம். அந்த டொக்டருக்கும் வேணாம். ஆனா ஒரு ஆள் வேணும். கேக்கிறவன் ஒருத்தன்தான் எண்டாலும், அவன் ஒரு சதத்துக்கும் உதவாத ஆள் எண்டாலும், அவனுக்காகப் பாட்ட நிப்பாட்டுற ஆள் ஒண்டு வேணும். அத எந்தக் கடைக்காரனும் செய்ய மாட்டான், செய்யச் சொல்லிக் கேக்கவும் ஏலா. எல்லாரும் சேர்ந்து கட்டினாத்தான் அது நடக்கும். அதுக்கு எண்டா எடுங்க. இன்னும் கூட எடுங்க. இதெல்லாம் எழுத அதில இடம் இரிக்கா? இல்லாட்டி ஓம் எண்டு மட்டும் போடுங்க. வரி கட்டுறவர், ஓம்.

வாங்க, ஏறுவம். பாத்து வைங்க காலை, பலகை வழுக்கும். என்ட கையப் பிடிங்க. லொறியும் மோட்டச் சைக்கிள்காரரும் இறங்கட்டும் முதல்.

ஓம், றேடியோ போய்க்கொண்டுதான் வந்தது, இப்ப நிப்பாட்டிட்டான். பாதையோட்டுற பொடியன், ஜெயரூபன். என்னக் கண்டா நிப்பாட்டிடுவான். நான் சொல்லல்ல அவனுக்கு. என்ட மகனோட ஒண்டா, ஒரே வாங்கில இரிந்து படிச்சவன்.

போன மாரி மகள், இதே மாதிரி மழை. அண்டைக்கு மகன் நிலோஜன்ட முறை. நானும் அவனும் மாறி மாறித்தான் காவல் போற. விடிய ஆனையக் கலைச்சிட்டு வந்து படுத்திரிக்கான். மூர்த்திட வாடி மேட்டில, காலில தண்ணி பட்டு அவன் எழும்பிட்டான், கூவியிரிக்கான், இடையில தண்ணி இரைச்சல். எங்கட வாடி தாழ்வு. நாங்க தோணி கொண்டு போகக்குள்ள வட்டை முழுக்க ஒரே வெள்ளை, வரம்பும் இல்ல வாடியும் இல்ல, எது ஆர்ர வயல் எண்டு தெரியா. அவன் றேடியோவ சொப்பிங் பேக்கில சுத்தி மருதமரத்துக் கொப்பில உயரக் கட்டியிரிக்கான், நனைஞ்சி நிண்டு போகக்கூடாது எண்டு. அந்தச் சத்தத்துக்குத்தான் தோணியத் திருப்பினம். அதுக்குக் கீழதான் கிடந்தான். பாட்டுப் போய்க்கொண்டே இரிந்தது மகள். அண்டைக்கு முழுக்க ஒருக்காலும் நிக்கல்ல. அதால அவன் எழும்பல்ல.